அல்ட்ரா எச்டி டிவி வாங்கலாமா என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள குட்டிம்மா,

அம்மா எழுதறேன். இங்க நானும் உங்கப்பாவும் சௌக்கியம், எங்க ரெண்டு பேரையும்விட முன்னறையில மாட்டியிருக்கிற புது டிவி ரொம்ப சௌக்கியம், அதுக்குன்னு தனியா மெத்துன்னு ஒரு துணி, தினமும் காலையில துடைப்பு, எனக்குக் கால் வலின்னா தைலம் எங்க இருக்குன்னு கூடத் தெரியாது இந்த மனுஷனுக்கு. நீயும் அங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கணும், அதுதான் எப்பவும் மனசுல ஓடிக்கிட்டு இருக்கு. போன் இருக்கும்போது எதுக்கு லெட்டர்னு கேப்பே. போன் வந்தா உங்கப்பா உடனே ஸ்பீக்கர்ல போட்டுடறார், வீடியோ கால்னா அதைத் தூக்கி டிவியில ஏத்திடறார், உன் மூக்கு நம்ம வீட்டு ஜன்னல் அகலத்துக்கு வந்து நிக்குது, அவ்வளவு பெரிய மூக்குகிட்ட நான் என்னத்த மனசு விட்டுப் பேசறது. அதான் தையல் மெஷின் மேலயே பேப்பரைப் போட்டு எழுத உக்காந்துட்டேன். போன தடவை பேசும்போது கேட்டே, அம்மா இந்த அல்ட்ரா எச்டி டிவி வாங்கினா நிஜமா பிரயோஜனம் உண்டா, இல்ல பழசையே வச்சு ஓட்டலாமான்னு. உங்கப்பா பக்கத்துல ரிமோட்டும் கையுமா உக்காந்து என் வாயையே பாத்துக்கிட்டிருந்தார், அதனால ம், பரவாயில்லன்னு சொல்லி வச்சேன். இப்ப முழுசா சொல்றேன், அவசரப்படாம படி.

எல்லாம் உன் சித்தப்பா வீட்டுலதான் ஆரம்பிச்சுது. அண்ணனுக்கும் தம்பிக்கும் அரை டிராயர் போட்ட காலத்துலேருந்து இருக்கிற போட்டி உனக்குத் தெரியாததில்ல. அவர் கார் ஷெட் போட்டா இவர் ஸ்கூட்டருக்கு ஹாரன் மாத்துவார். சித்தப்பா பெரிய டிவி வாங்கிட்டேன், வந்து பாருங்கன்னு கூப்பிட்டார், போனோம். கடைக்காரன் கொடுத்த ஒரு படத்தைப் போட்டார். ஒரு பச்சைக்கிளி. கிளை மேல உக்காந்து தலையைத் திருப்பிப் பாக்குது, அவ்வளவுதான் கதை. ஆனா கழுத்துல இருக்கிற இறகு ஒண்ணொண்ணும் தனித்தனியா நிக்குது, பொய் சொல்லக் கூடாது, நல்லாத்தான் இருந்துது. அதோட விட்டிருக்கலாம் உன் சித்தப்பா. அண்ணே, உங்க வீட்டு டிவியில போட்டா இது கிளியா காக்காயான்னு பட்டிமன்றம்தான் வைக்கணும்னு சொல்லிச் சிரிச்சுட்டார். உங்கப்பா டீ நல்லா இருக்குன்னு சித்திகிட்ட சொன்னார். எனக்கு அப்பவே விஷயம் புரிஞ்சுபோச்சு, ஏன்னா அந்த டீ நல்லா இல்ல. காலமெல்லாம் அச்சகத்துல உக்காந்து மத்தவன் கண்ணுக்குத் தெரியாத எழுத்துப் பிழையெல்லாம் புடிச்ச மனுஷனைப் பாத்து உனக்குத் தெளிவாத் தெரியாதுன்னு ஒருத்தன் சொன்னா, அதுவும் கூடப்பொறந்தவன் சொன்னா, சும்மா இருப்பாரா? மறுநாள் காலையில சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டார்.

வந்த டிவி சித்தப்பா டிவியைவிட ஒரு சாண் அகலம். அந்த ஒரு சாண் நம்ம வாசக்கதவுல நுழையமாட்டேன்னுடுச்சு. கதவைக் கழட்டி உள்ள கொண்டுவந்தாங்க, திரும்ப மாட்டினதுலேருந்து கதவு மூடும்போதெல்லாம் ஆட்டுக்குட்டி மாதிரி கத்துது. புத்தக அலமாரி படுக்கையறைக்குப் போச்சு, என் மெஷின் பின்கட்டுக்குப் போச்சு. அப்புறம் கடையிலேருந்து மாட்ட வந்தவர் கிளம்பும்போது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனார் பாரு, ரொம்பத் தள்ளி உக்காந்தா பழைய டிவிக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது, ரொம்பக் கிட்ட உக்காந்தா கழுத்து புடிச்சுக்கும்னு. அவ்வளவுதான், உங்கப்பா டேப்பை எடுத்து அளந்து தரையில ஒட்டுத்தாள் ஒட்டி, சோபாவைக் கொண்டுபோய் சரியா சமையலறை வாசல்ல போட்டுட்டார். அன்னிலேருந்து நான் சமையலறைக்கு நண்டு மாதிரி பக்கவாட்டுல போயிட்டு வரேன். சோபாவைக் கொஞ்சம் நகத்துங்கன்னா, நகத்தினா துல்லியம் போயிடும்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் முகத்தை எவ்வளவு தூரத்துலேருந்து பாத்தா துல்லியமா தெரியும்னு ஒரு நாளாவது அளந்திருக்காரா?

சரி, அவ்வளவு துல்லியமா எதைப் பாக்கறதுங்கிறதுதான் அடுத்த சிக்கல். கேபிள்ல வர்றதெல்லாம் பழைய தரம்தான். அதை இவ்வளவு பெரிய திரையில போட்டா, குழந்தை சட்டையை இழுத்துப் பெரிய ஆளுக்கு மாட்டிவிட்ட மாதிரி எல்லாப் பக்கமும் பல்லிளிக்குது. இன்டர்நெட்ல நல்ல படம் கிடைக்கும்னு போட்டார், நம்ம தெரு இன்டர்நெட்டுக்கு அவ்வளவு பலம் இல்ல, நடுவுல ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருந்துது. அந்த வட்டம் மட்டும் என்ன அழகு, என்ன சுத்தம், ஓரத்துல ஒரு பிசிறு கிடையாது. கடைசியில மிஞ்சினது கடைக்காரன் இவருக்கும் கொடுத்திருந்த அதே கிளிதான். வீட்டுக்கு யார் வந்தாலும் கிளி. கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் ஏணி இரவல் கேட்டு வந்தார், உக்கார வச்சுக் கிளியைக் காட்டினார். நல்ல கிளிங்கன்னு சொல்லிட்டு ஏணியை மறந்துட்டுப் போயிட்டார், இப்பல்லாம் எங்க கதவு கத்துற சத்தம் கேட்டாலே அவர் கடை ஷட்டரை இறக்கற மாதிரி தெரியுது. அப்புறம் உன் கல்யாண வீடியோவைப் போட்டுப் பாத்தார். அந்த டிவிக்குள்ள பழைய படத்தைத் தானா சரி பண்ணுற வித்தை ஒண்ணு இருக்காம். பண்ணுச்சு. எனக்கு இருந்த சுருக்கம் எல்லாத்தையும் வழிச்சு எடுத்து என்னை உன்னைவிடச் சின்னப் பொண்ணாக்கிடுச்சு, அதுக்கு நான் ஒண்ணும் குறை சொல்லலை. ஆனா மாப்பிள்ளைக்குப் புருவமே இல்ல, சித்திக்கு மூக்கும் உதடும் சேர்ந்து மெழுகு மாதிரி உருகிப்போச்சு.

ஒருவழியா ரெண்டு மூணு நல்ல படம் கிடைச்சுது. அங்கேயும் நிம்மதி இல்ல. உங்கப்பா கதையைப் பாக்கறதே இல்ல, பிழை திருத்தறார். ராஜாவுக்கு மணிக்கட்டுல வாட்ச் கட்டின தடம் வெள்ளையா தெரியுதாம், நிறுத்திக் காட்டறார். ஹீரோ செத்து எல்லாரும் அழறாங்க, நானும் முந்தானையால கண்ணைத் துடைக்கறேன், இவர் பாரு பாரு எச்சில் முழுங்கறான்கிறார். செய்தி வாசிக்கிற பொண்ணுக்குக் காதுக்குக் கீழ பவுடர் சரியா படலையாம், பாவம் ராத்திரி தூங்கலை போலிருக்குன்னு அவளுக்காகக் கவலைப்படறார். உலகத்துல எங்க சண்டை நடக்குதுன்னு கேட்டா தெரியாது. ஆக, படம் தெளிவானா சந்தோஷம் கூடும்னு நினைச்சேன், இங்க சந்தேகம்தான் கூடிப்போச்சு.

இந்த நேரத்துலதான் உன் சிநேகிதி லீவுல அங்கேருந்து வந்தவ நீ கொடுத்தனுப்பின பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தா. புது போன்ல இருக்கிறதுலயே உசந்த தரத்துல எடுத்திருக்கேன், எங்க புது வீட்டைச் சுத்திக் காட்டறேன், அப்பா டிவிக்குன்னே எடுத்ததுன்னு நீ சொல்லி அனுப்பியிருந்தே. உங்கப்பாவுக்குத் தலைகால் புரியலை. கிளிக்கு விடுதலை, இனிமே நம்ம பொண்ணு படம்னு சொல்லி, தானும் பாக்காம, என்னையும் பாக்க விடாம பொத்தி வச்சு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் கூப்பிட்டுட்டார். சித்தப்பா, சித்தி, தப்பிக்க வழியில்லாம மருந்துக்கடைக்காரரும் அவர் வீட்டம்மாவும். திரைச்சீலையை இழுத்துவிட்டு, நாற்காலியெல்லாம் ஒட்டுத்தாள் கோட்டுக்கு நேரா போட்டு, தம்பியைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து நடுவுல உக்கார வச்சார். பாருடா, இதுதான் நிஜமான அல்ட்ரா எச்டின்னார்.

திரையில நீ வந்தே. நல்லா சிரிச்சே. இது ஹால், இது பால்கனின்னு காட்டினே. உன் கையில போட்டிருந்த வளையல்ல ஒரு கீறல் இருக்கறது கூடத் தெரிஞ்சுது குட்டிம்மா, அவ்வளவு தெளிவு. மாப்பிள்ளை ஷிப்டுக்குப் போயிருக்கார், அதான் வீடியோவில இல்லன்னு சொன்னே. சொல்லிக்கிட்டே படுக்கையறைக்குப் போனே. அலமாரிக் கதவு திறந்திருந்துது. ஒரு பக்கம் உன் துணி, இன்னொரு பக்கம் வெறும் ஹேங்கர், ஒரு சட்டை இல்ல. துணியோடயே வாழ்க்கை நடத்தறவ நான், ஆம்பளை வேலைக்குப் போனா இருக்கிற சட்டையையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போகமாட்டான்னு எனக்குத் தெரியாதா? வாசல்கிட்ட செருப்பு ஸ்டாண்ட், அதுல உன்னுது மட்டும். ஹால் சோபாவுல தலையணையும் போர்வையும், நீ அங்கதான் படுக்கறே போலிருக்கு, பெரிய கட்டில்ல படுக்க மனசு வரலையோ என்னமோ. நீ சிரிச்சுக்கிட்டே பேசினே, ஆனா கண்ணுக்குக் கீழ வீங்கியிருந்துது. பக்கத்துல சித்தி முன்னாடி சாய்ஞ்சு, ஏங்க்கா அலமாரி ஏன் பாதி காலியா இருக்கு, மாப்பிள்ளை சட்டையெல்லாம் எங்கன்னு வாயைத் திறந்துட்டா. சித்தியைக் குத்தம் சொல்லலை, இவ்வளவு பெருசா காட்டினா குருடனுக்கும் தெரியும்.

அதுக்குள்ள டிவி அணைஞ்சுது. உங்கப்பாதான் அணைச்சார். எழுந்திரிச்சு நின்னு, சே, மறுபடியும் ஆரம்பிச்சுடுச்சா, இந்தச் சனியன் டிவி ஒரு வாரமா இப்படித்தான், ஒரு பக்கம் படம் வருது, ஒரு பக்கம் இருக்கிற பொருளையே முழுங்கிடுதுன்னார். சித்தி, இல்ல மாமா நல்லாத்தானே தெரிஞ்சுதுன்னா. என்னம்மா நல்லா தெரிஞ்சுது, அலமாரியில என் மாப்பிள்ளை கோட்டு சூட்டு அத்தனையும் தொங்குது, அதைக் காட்டத் துப்பில்லாத டிவி, நான் ஏமாந்துட்டேன்னார். அப்புறம் தம்பி பக்கம் திரும்பி, நீ வாங்கினதுதாண்டா சரியான டிவி, உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருக்கணும்னார். உன் சித்தப்பா பொறந்ததுலேருந்து அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தவர், வந்ததும் என்ன பண்ணறதுன்னு தெரியாம டீ டம்ளரைப் பாத்துக்கிட்டு இருந்தார். அப்புறம் தெம்பு வந்து, அதான் அண்ணே, பெருசா இருந்தா போதுமான்னு ஆரம்பிச்சார். உங்கப்பா ஒவ்வொண்ணுக்கும் ஆமாம்டா ஆமாம்டான்னு தலையை ஆட்டினார். சித்தியும் அலமாரியை மறந்துட்டுத் தன் வீட்டு டிவி பெருமையில இறங்கிட்டா.

எல்லாரும் போனப்புறம் நாற்காலியை ஒண்ணொண்ணா மடிச்சு வச்சார். கடைசி நாற்காலியையும் வச்சுட்டு, அவ சரியா சாப்பிடறாளான்னு மட்டும் கேட்டார். இப்ப தெருவுல எல்லாருக்கும் நம்ம டிவி டப்பான்னு தெரியும், சித்தப்பா தானே முன்னாடி நின்னு அந்தச் சேவையைப் பண்ணியிருக்கார். மெக்கானிக்கை அனுப்பட்டுமான்னு தினமும் போன் வேற. பார்ட் வெளியூர்லேருந்து வரணும்னு உங்கப்பா சமாளிக்கிறார். யாராவது படியேறி வர்ற சத்தம் கேட்டா ஓடிப்போய் டிவியை அணைச்சுப் போர்வையைப் போத்திடறார். நல்லா இருக்கிற டிவிக்கு நோயாளி வேஷம்.

நீ டிவியைப் பத்திக் கேட்டது கூட நான் வேற எதையும் கேட்டுடக் கூடாதுன்னுதானோன்னு இப்ப தோணுது. இருந்துட்டுப் போகட்டும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிடறேன். வேண்டாம். பழைய டிவியே போதும், கதை புரிஞ்சா சரி. அந்தப் பணத்துல டிக்கெட் எடுத்து ஒரு தடவை வந்துட்டுப் போ, இல்ல அங்கேயே இருக்கறதுதான் நல்லதுன்னு தோணினா இரு, நான் கிளம்பி வரேன், எனக்கு உன் சோபாவே போதும். யார் மேல தப்பு, எப்போலேருந்துன்னு நான் எதையும் குடையமாட்டேன். நீ சொல்ற அன்னிக்குக் கேட்டுக்கறேன். மத்தியானம் உங்கப்பா லைப்ரரிக்குப் போயிடுவார், அப்ப போன் பண்ணு, கேமரா வேண்டாம், குரல் போதும். அழணும்னா அழு, நான் போனை வச்சுட மாட்டேன். வெறும் பிரெட்டைத் தின்னுட்டுப் படுக்காதே, சூடா ஏதாவது சமைச்சுச் சாப்பிடு, ராத்திரி கதவைப் பூட்டினியான்னு ஒரு தடவை பாத்துட்டுப் படு. உனக்கு எந்தக் குறையும் வராம, தலை நிமிர்ந்து நல்லபடியா இருக்கணும், அம்மாவோட முழு மனசும் உன்கூடத்தான் இருக்கு.

எழுதி முடிக்கும்போது உங்கப்பா வந்து பின்னாடி நின்னார். யாருக்குன்னு கேக்கலை, படிச்சும் பாக்கலை. போறதுக்கு முன்னாடி ஒரு வரி மட்டும் சேக்கச் சொன்னார். படம் மங்கலா இருந்துது, அப்பாவுக்கு எதுவும் தெரியலைன்னு எழுதுன்னார். எழுதிட்டேன்.

இப்படிக்கு,
எப்பவும் உன் பக்கம் இருக்கிற
அம்மா