கழுவிவிட்டு எடுத்த தண்ணீர்

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். மனசுக்குத்தான் எனக்குச் சரியில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை கூப்பிட்டேன், உன் குரலைக் கேட்டதும் அங்கே மழையா வெயிலா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். இதை அம்மா படம் பிடித்து அனுப்புவாள், தபாலை நம்பினால் திங்கட்கிழமை நீ கொடுக்கிற அறிக்கை முந்திக்கொள்ளும்.

போன வாரம் எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் சாப்பிட்ட பதினேழு பேருக்கு வாந்தி, பேதி. நான் கலக்கிய முட்டை சாஸ்தான் காரணம். பதினாறு பேர் தேறிவிட்டார்கள், எடைமேடையில் சீட்டு எழுதுகிற பெண்மணி மட்டும் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சுகாதார ஆய்வாளர் வந்து பலகை, கத்தி, சாக்கடை எல்லாவற்றிலும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துப்போனார். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே சாக்கடையில் சால்மொனெல்லா என்கிற கிருமி இருந்திருக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சும்போது தெறித்து சாஸ் பாத்திரத்தில் ஏறியிருக்கிறது. "இது நேத்து வந்தது இல்ல மாஸ்டர், பைப்புக்குள்ள ஆழமா பல மாசமா குடியிருக்கு" என்றார். இருபத்தாறு வருஷமாக அந்தச் சமையலறையில் ராஜா மாதிரி நடந்தவன் நான், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.

உங்கள் சாக்கடைத் தண்ணீரில்தான் ஒன்றுமே இல்லையே என்று நீ இப்போது கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நாலு மாதத்துக்கு முன்பு உன் ஆராய்ச்சிக்கென்று பாட்டில் அனுப்பி, சாக்கடைத் தண்ணீரை எதுவும் செய்யாமல் அப்படியே பிடித்து அனுப்பச் சொன்னாய். கிருமியைத் தின்கிற பேஜ் என்ற வைரஸ் எங்கே இருக்கிறதோ அங்கே அதன் இரையும் இருக்கும் என்று விளக்கினாய். அதுதான் எனக்கு உறுத்தியது. இவள் அப்பன் சமையலறையிலிருந்து வந்த கிருமி என்று உன் ஆய்வகத்தில் பேசுவார்களே என்று, முதல் நாளே ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டி, கம்பி பிரஷ் போட்டு, வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன். கூட வேலை செய்கிற அக்கா, "என்ன மாஸ்டர், அதுல சோறு போட்டுச் சாப்பிடப் போறீங்களா?" என்று சிரித்தாள். அப்புறம்தான் உன் பாட்டிலை நிரப்பினேன். "ஒரு பேஜ்கூட இல்லப்பா, எங்க மேடம்கிட்ட பெருமையா சொன்னேன்" என்று நீ சொன்னபோது வெட்கமே இல்லாமல் மீசையைத் தடவிக்கொண்டேன். ஒழுங்காகப் பிடித்து அனுப்பியிருந்தால் நீ அன்றைக்கே பதறிப்போய் எச்சரித்திருப்பாய், அந்தப் பதினேழு பேரும் படுத்திருக்க மாட்டார்கள். அம்மாவிடம் சொன்னேன். "பொண்ணுகிட்டயே பொய் சொல்லிட்டீங்களே" என்றதோடு துணி மடிக்கப் போய்விட்டாள். நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

திங்கட்கிழமை நீ கொடுக்கிற அறிக்கையில் சுத்தமான இடம் என்று என் சமையலறையைக் காட்டி மற்ற இடங்களை அதோடு ஒப்பிட்டிருப்பதாகச் சொன்னாய். அதை எடுத்துவிடு கண்ணு. மேடம் காரணம் கேட்டால் எனக்காக மழுப்பாதே, எங்க அப்பா கழுவிவிட்டு எடுத்தார் என்றே சொல். ஆய்வாளரிடம் அனுமதி கேட்டு, அவர் கண்ணெதிரே பிடித்த புதுத் தண்ணீர் ஐஸ் பெட்டியில் வருகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு திற. பேஜ் கிடைத்தால் அதன் மரபணுவை முழுக்க வாசித்துப் பார், கிருமியைக் கொல்கிற வகையா, அதற்குள்ளேயே சத்தமில்லாமல் பதுங்கிக் கிடக்கிற வகையா என்று. இந்த நாலு மாதமும் நானும் பதுங்குகிற வகையாகத்தான் இருந்திருக்கிறேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெண்மணியிடமும் சொல்லப் போகிறேன், அவர் என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வேன்.

நோய்நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். கையுறை போடாமல் அந்தப் பாட்டிலைத் தொடாதே, அரைவேக்காட்டு முட்டையை இனி தொடவே தொடாதே.

போன முறை பாட்டில் சீட்டில் 'எடுத்தவர்' என்ற இடத்தை நான் வெறுமனே விட்டிருந்தேன், எழுதக் கை வரவில்லை. அப்பா மறந்துவிட்டார் என்று நீயே நிரப்பிக்கொண்டாய். இந்த முறை நானே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா