ஏழாம் கூடை

அக்டோபர் 7, செவ்வாய்

ஏழாம் கூடையில் இன்றும் தோற்றேன். மோகனன் சார் தன் ரப்பர் தோட்டத்தில் டிஸ்க் கோல்ஃப் போட்டிருக்கிறார். தட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் விழவைக்க வேண்டும். ஏழில் மரங்களுக்கு நடுவே சந்து மாதிரி வழி. விருந்தாளிகளைக் கூட்டிப்போவது என் வேலையும் ஜிபின் வேலையும். அவர்கள் போனதும் நாங்கள் எறிவோம். நாளில் அதுதான் எனக்கு நல்ல நேரம்.

அக்டோபர் 9, வியாழன்

ஏழில் ஒருத்தன் எறிந்த தட்டு, அம்மா ரப்பர் பாலுக்கு மரத்தில் கட்டியிருந்த சிரட்டைகளைத் தட்டிவிட்டது. விடியுமுன் வெட்டி வடித்த பால் மண்ணில். "சாரி ஆன்ட்டி" என்றுவிட்டு செல்ஃபி எடுக்கப் போனான்.

சார் வந்து அம்மாவிடம், "பிரேமகுமாரி, அந்த வரி இனி வெட்டண்டாம்" என்றார். ஏழின் வழியிலுள்ள மர வரிசையில் இனி பால் வெட்டக் கூடாதாம்.

எறிந்தவனுக்கு வழி, வெட்டுகிறவளுக்கு வழியில்லை. நியாயமா? நான் பாய்ந்தேன். அம்மா கையைப் பிடித்தாள். "எதுக்குட்டி மல்லுக்கு நிக்கிய? உனக்கும் அந்தத் தட்டு எறியுற களி இஷ்டந்தானே."

அதுதான் சுட்டது.

அக்டோபர் 12, ஞாயிறு

ஏழாம் கூடைக்கு மேல்பாறையில் நின்று எறிந்தால் தட்டு அம்மாவின் மரங்களுக்கு வெளியே, ஓடையைத் தாண்டிப் போகும். அங்கிருந்து கடல்கூடத் தெரிகிறது.

"இங்கயிருந்தா? எங்க ஊரு பொழியூர் கடக்கரையில நின்னு எறிஞ்சாலும் இதவிட கிட்ட ஆக்கும்" என்றான் ஜிபின்.

நான் எறிந்த தட்டுகள் எல்லாம் ஓடையில் விழுந்தன. திட்டிக்கொண்டே இறங்கி எடுத்து வந்தான். பாவம்.

அக்டோபர் 13, திங்கள்

ஏழாம் கூடைக்குப் பாறையிலிருந்து எறியவைக்கலாம் என்று சாரிடம் சொன்னேன். "எறிஞ்சு காட்டு, பார்ப்போம்" என்றார்.

முதல் தட்டு ஓடையில். இரண்டாவது பாறையில். சார் போனைப் பார்க்க ஆரம்பித்தார். மூன்றாவது பள்ளத்தின் மேல் அகலமாக வளைந்து— கூடையில் விழவில்லை, பக்கத்தில் விழுந்தது.

சார் கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். "கொள்ளாம், நல்ல காட்சி. ஏழுக்கு இனி இங்கயிருந்து எறிஞ்சா மதி."

"அந்த வரி, சார்?"

"ஓ, வெட்டட்டும்."

அம்மாவுக்காக இல்லை, படத்துக்காக. போகட்டும். மரம் அம்மாவிடம் இருக்கிறது.

நவம்பர் 5, புதன்

பாறையிலிருந்து கை தவறிய மஞ்சள் தட்டு ஒன்று அம்மா பக்கம் விழுந்திருக்கிறது. இலை விழாமல் பால் வாளியை அதனால் மூடி வைத்திருந்தாள். எறிந்தவர் இறங்கி வந்து கேட்டார்.

"என் வரியில விழுந்தது எனக்காக்கும்." தலை நிமிராமல் அடுத்த சிரட்டையை வடித்தாள்.

அவர் என்னைப் பார்த்தார். எல்லைக்கு வெளியே போய்விட்டது சார், வேறு தட்டு தருகிறேன் என்றேன்.