மோட்டார் ரூம் தாழ்ப்பாளில் ஒரு வாழை நார்

அக்கா,

இன்று காலை மோட்டார் மெக்கானிக் ஸ்டார்ட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றியதும் அந்துருண்டை வாசம் வந்தது. உன் சேலை மடிப்பில் வருகிற அதே வாசம். நீ கண்ணை மூடி நாலு மாதமாகிறது. பெட்டியின் மூலையில் ஓர் உருண்டை மிளகு அளவுக்குத் தேய்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு பல்லி கருகிக் கிடந்தது.

"பல்லி மாட்டித்தான் காயில் எரிஞ்சு போயிருச்சு. முன்னாடி யாரோ அந்துருண்ட போட்டு வச்சிருக்காக. அத ஏன் விட்டீக?" என்று அவர் கேட்டார்.

நம் இருவருக்கும் பொதுவான அந்தக் கிணற்றில் திங்கள், செவ்வாய், புதன் உன் முறை. வியாழன், வெள்ளி, சனி என் முறை. ஞாயிற்றுக்கிழமை கிணறு ஊற வேண்டும், யாரும் மோட்டார் போடக் கூடாது. மோட்டார் ரூம் சாவி உன்னிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. சண்டைக்கு வேறென்ன வேண்டும்?

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்று நீ வரப்பில் நின்று சொன்னாய்: "ஏ ஆத்தா, நீ ஒம் புருசனப் பாரு. தண்ணிய நான் பாத்துக்கிறேன்." நாம் எதைத்தான் பார்ப்பதில்லை? பொண்ணு பார்க்கிறோம், நாள் பார்க்கிறோம், குழம்பில் உப்புப் பார்க்கிறோம், ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிறோம். கையோங்கி மிரட்டுகிறவனும் "பாத்துக்கிறேன்" என்கிறான். பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறவளும் அதையேதான் சொல்கிறாள். நீ சொன்னது எந்தப் 'பாத்துக்கிறேன்' என்று பஸ் ஆண்டிபட்டி தாண்டும்வரை யோசித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் அந்த மனிதர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். என் புத்தி அப்படி.

பத்து நாள் கழித்து வந்ததும் என் வாழையைப் பார்க்கப் போகவில்லை. நேரே உன் கத்தரிக் கொல்லைக்குப் போய்க் கால் கட்டைவிரலால் மண்ணை அழுத்தினேன். என் தண்ணீர் அங்கே பாய்ந்திருக்கும் என்ற நிச்சயம். மண் வெடித்துக் கிடந்தது, செடியெல்லாம் தலை தொங்கி நின்றது. என் வாழைக்குள் நுழைந்தால் பாதம் புதைகிற ஈரம். கோடையில் கிணறு வற்றிப்போக, குலை தள்ளிய வாழை வாடக் கூடாதென்று உன் முறையையும் எனக்கே விட்டிருக்கிறாய்.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்ததோ சந்தேகம். ஒருத்தி சும்மா இவ்வளவு செய்வாளா? பதிலுக்கு எதைக் கேட்கப் போகிறாள், என் மேட்டு நிலத்தையா? அந்த வாரத்திலிருந்துதான் சனிக்கிழமை சாயங்காலம் கதவைப் பூட்டியதும் தாழ்ப்பாளில் வாழை நார் கட்ட ஆரம்பித்தேன். மாடு கட்டுகிற முடிச்சு. திங்கள் விடிந்ததும் உனக்கு முன்னால் போய்ப் பார்ப்பேன்.

மூன்றாவது திங்கள் நார் இருந்தது. முடிச்சுதான் வேறு. அது பூக் கட்டுகிற முடிச்சு, உன் கை முடிச்சு.

"அக்கா, நேத்து இங்கன யாரும் வந்தாகளா?"

"நான் யாரையும் பாக்கலையே" என்றாய், என் முகத்தைப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு உன் வீட்டில் ஒரு வாய் காப்பி குடிக்கவில்லை நான். இரண்டு வருசம். நீ கூப்பிடாமலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ஓடாது. மெயினை அணைத்துவிட்டு நிதானமாக மூடியைக் கழற்றிப் பல்லிக்கும் எறும்புக்கும் உருண்டை போடலாம். நீ செய்த திருட்டு அவ்வளவுதான். அதை என்னிடம் சொல்லியிருக்கலாமே, அக்கா. சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா என்று நீ கேட்பாய். நம்பியிருக்க மாட்டேன். ஒரு குடம் தண்ணீராவது எடுத்திருப்பாய் என்று இதை எழுதும்போதும் மனசின் ஒரு மூலை சொல்கிறது. அந்த மூலையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மத்தியானம் கடமலைக்குண்டுக்குப் போய் ஒரு பாக்கெட் அந்துருண்டை வாங்கி வந்தேன். தேனியில் வேலை பார்க்கிற உன் மகன் லீவில் வந்திருந்தான். உன் சாவி இப்போது அவனிடம். பாக்கெட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீங்க போங்க சித்தி, நான் பாத்துக்கிறேன்" என்றான்.

சரிப்பா என்று கிளம்பிவிட்டேன். இனி நார் கட்டுவதில்லை என்று வரப்பிலேயே முடிவும் செய்தேன். ஆனால் அக்கா, வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.