சேதுபதி அரண்மனையில் கேட்ட செய்தி

அக்கராயன்,
14.7.1957

அன்பு மகள் இரஞ்சிதத்துக்கு,

இங்கு நானும் உன் ஐயாவும் உயிரோடும் உடல்நலத்தோடும் இருக்கிறோம். ஈப்போவில் நீயும் குழந்தையும் நலமா என்று கேட்டுத் தொடங்குவதே முறை. அப்படிக் கேட்கும் தகுதியை நான் இழந்துவிட்டேன், ஆதலால் கேளாமலே தொடங்குகிறேன். சென்ற கிழமை காட்டானை ஒன்று நம் வயலுக்குள் இறங்கிக் காவற்கொட்டிலைச் சாய்த்து, உள்ளே காவலுக்குப் படுத்திருந்த வீரகத்தியண்ணரின் காலை மிதித்து நசுக்கிவிட்டுப் போயிற்று. முழங்காலுக்குக் கீழே அறுத்தெடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் நெல் மிஞ்சியதா என்றுதான் கேட்டாராம். அவரைத் தோளிற் சுமந்து சென்ற உன் ஐயா, குருதி தோய்ந்த சட்டையோடு வீட்டுக்குள் வந்து, பிள்ளையின்ர கடிதத்தை இன்னொருக்கா வாசி என்றார். வாசித்தேன். யானைக்கெண்டா வெடி வைக்கலாம், இவனுக்கு என்னத்தை வைக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்ச் சட்டையை அலசினார்.

நான் உனக்குச் செய்த தீங்கை ஒளிக்காமல் எழுதுகிறேன். உன் முதற் கடிதம் தை மாதம் வந்தது. மருமகன் யோகநாதன் உன் சுண்டுவிரலை முறித்துவிட்டார் என்று எழுதி, வரட்டுமா அம்மா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாய். அதை ஐயாவுக்குக் காட்டாமல் அன்றே மறுமொழி எழுதினேன். பொறுத்திரு, உன் மணவறையில் நான் பேசியதை நினைத்துக்கொள் என்றேன். அன்று ஒலிபெருக்கியின் முன் நின்று, கணவனின் சிதையைக் குளிர்ந்த பொய்கையாக எண்ணி இறங்கிய அரசியரைப் பாடிப் புகழ்ந்து, அவர்கள் வழி வந்தவள் என் மகள் என்று முழங்கினேன். பந்தல் அதிரக் கைதட்டினார்கள். நீ தலை குனிந்திருந்தாய். அதை நாணம் என்று எண்ணி மகிழ்ந்தேன்.

வைகாசியில் மகளிர் மாநாட்டிற் பேசக் கடல் கடந்து இராமநாதபுரம் போனேன். மாநாடு முடிந்த மறுநாட் காலை, என்னோடு வந்த நேசமலர் ஆசிரியையும் நானும் சேதுபதி மன்னரின் அரண்மனையைப் பார்க்கப் போனோம். இருபது ஆண்டுகளாக மேடைதோறும் பேச்சால் அரண்மனை கட்டியவள் அன்றுதான் ஓர் அரண்மனைக்குள் கால் வைத்தேன். இராமலிங்க விலாசம் என்னும் மண்டபத்தின் சுவரெல்லாம் ஓவியம். ஒரு பக்கம் போர். படை படையின்மேல் விழுகிறது, வேலும் துப்பாக்கியும் நிமிர்கின்றன, குதிரைகள் மோதுகின்றன. என் நா ஊறிற்று, மகளே. இதை வைத்து எத்தனை மேடை பேசலாம் என்றே எண்ணினேன். அங்கிருந்த மீசைக்காரக் காவலர், கெழவன் சேதுபதி செத்தப்ப நாப்பத்தேழு பொஞ்சாதிக நெருப்புல எறங்குனாகம்மா, ஒருத்தி கண்ணுலயும் பொட்டுத் தண்ணி இல்ல என்றார். இதையே நாற்பது மேடையிற் பேசியிருக்கிறேன் என்று பெருமையோடு சொன்னேன். அவருக்கு மகிழ்ச்சி பொறுக்கவில்லை. அப்படின்னா ஒங்களுக்குச் சொல்லலாம் என்று குரலைத் தாழ்த்தினார். அவர்களுள் ஒருத்தி குழியின் விளிம்பில் நடுங்கித் திரும்பி ஓடிவந்து, காவல் நின்ற ஒரு படைவீரனின் கையைப் பற்றிக்கொண்டு, காப்பாற்று என்று கதறினாளாம். அவன் வெலவெலத்துப் போய் அவளைப் பிடித்துத் தள்ளினான். தலைகீழாகத் தீக்குழிக்குள் விழுந்தாள். மேளத்தை இன்னும் ஓங்கி அடித்தார்களாம். கொட்டுச் சத்தத்துல யாருக்கும் கேக்கலம்மா என்று காவலர் சிரித்தார். நேசமலர் என்னைத் திரும்பிப் பார்த்து, நாப்பது மேடையில பேசினனீங்கள் அக்கா, இந்தப் பெட்டையை ஒரு மேடையிலயும் காணேல்லையே என்றாள். அந்த வீரனை எனக்குத் தெரியும். பற்றிய கையை உதறித் தள்ளியது தை மாதம் உனக்கு எழுதிய இந்தக் கைதான். மேளம் அடித்ததும் நானேதான்.

வீடு திரும்பியபோது உன் இரண்டாங் கடிதம் காத்திருந்தது. காய்ச்சிய இரும்பால் யோகநாதன் உன் முதுகில் மூன்று இடத்திற் சுட்டதையும், சுடும்போது அம்மாவின் பேச்சை நினைத்துக்கொண்டு வாய் திறவாமல் நின்றதையும் எழுதியிருந்தாய். எனக்குப் பெருமையாயிருக்கும் என்று எண்ணி எழுதினாயா? அன்றே இரண்டு கடிதங்களையும் ஐயாவின் கையிற் கொடுத்தேன். அவர் என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை, பிள்ளையைக் கூப்பிடு என்று மட்டும் சொன்னார்.

ஊர் என்ன சொல்லும் என்று நீ அஞ்சுவாய். கண்டாவளை ஊர்க் கூட்டத்தில் நடந்ததையெல்லாம் நானே பேசிவிட்டேன், உன் முதுகையும் மறைக்கவில்லை. உன்னைக் கேளாமற் சொன்னதற்கு மன்னித்துக்கொள். பாதிப் பேர் எழுந்து போனார்கள். மகளை வாழாவெட்டி ஆக்கவோ மைக்குப் பிடிக்கிறாய் என்று ஒருவன் கத்தினான், இருளுக்குள்ளிருந்து வந்த கல் என் புருவத்தைப் பிளந்தது. நான்கு தையல், வேறொன்றுமில்லை. நெற்றியில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு பேசி முடித்தே இறங்கினேன். சொல்லக்கூடியதை எல்லாம் ஊர் எனக்குச் சொல்லி முடித்துவிட்டது, உனக்கென்று மிச்சம் இல்லை.

இதை உன் முகவரிக்கு அனுப்பவில்லை, யோகநாதன் பிரித்துவிடுவார். ஐயாவின் நண்பர் முல்லைத்தீவு மீராசாகிபு நானாவின் தம்பி லாபிர் ஈப்போவிற் புடவைக்கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி ஜொஹறா, யோகநாதன் வேலைக்குப் போன பின் வந்து இதை உன் கையிற் கொடுப்பா. அவர்கள் வீட்டில் தங்கியிரு, கப்பலேற்றி விடுவது அவர்கள் பொறுப்பு. கொழும்புத் துறைமுகத்தில் ஐயா நிற்பார். சூட்டுப் புண்ணில் எண்ணெய் தடவாதே, வேப்பிலை அவித்த நீராற் கழுவு. குழந்தையின் பிறப்புப் பத்திரத்தை மறவாதே. நகையோ உடுப்போ தேடி நேரம் போக்காதே. அவரிடம் சொல்லிவிட்டு வருவதுதான் முறை என்று எண்ணாதே, அந்த முறையைக் கற்பித்தவள் நான், நானே அதை முறிக்கிறேன். நெடுங்காலம் வாழ்க, என் கண்ணே, உன் உடம்பின்மேல் இனி எவன் கையும் ஓங்காதிருப்பதாக.

படித்ததும் இதை அடுப்பில் இடு. குழந்தையைத் தூக்கு. ஜொஹறா வாசலில் நிற்கிறா.

உன் அம்மா,
க. இராசேஸ்வரி