அத்தை அனுப்பின முருங்கைக்கீரை

வெள்ளிமலை அத்தைக்கு,

பஸ்ஸுல குடுத்தனுப்புன முருங்கைக்கீரை வந்துச்சி. கண்டக்டர் ஒரு கட்டு எடுத்துக்கினாரு. போவட்டும், அவரு பொண்டாட்டி புள்ளத்தாச்சி.

உங்க பொண்ணு போன்ல பேசலன்னு கோச்சிக்காதீங்க. ஆடிக்கு அங்க வந்தப்போ, "ரத்தம் ஊறட்டும்டி"ன்னு தெனம் கீரையாவே ஆக்கிப் போட்டீங்க. நர்சம்மா இப்போ வெவரம் சொன்னாங்க: "உன் பொண்டாட்டி நெஞ்சுல செயற்கை வால்வு இருக்குது. ரத்தம் உறையாம இருக்கத்தான் மாத்திரை. கீரை வெஷம் இல்லப்பா, எப்பவும்போல அளவாத் தின்னலாம். திடீர்னு ஜாஸ்தியானா மாத்திரை வேலை செய்யாது."

உறைஞ்ச ரத்தம் மூளைக்குப் போயிடுச்சி அத்தை. பேச்சு வரல. வலது கையும் எழல.

உங்கமேல கோவம் இல்ல. உங்க கீரையை இடது கையால எடுத்து மோந்துக்கினே அழுவுறா. அடுத்தவாட்டி பஸ்ஸுல கீரை வாணாம், நீங்க வாங்க.

உங்க மருமவன்