வழிப்போக்கர் என்று வெட்டிய கல்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்று கேட்க இன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை, மருமகளும் பேத்தியும் சுகமா. போனில் பேசினால் நடுவில் புகுந்து அம்மா அம்மா என்று என்னை அடக்கிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், கடைசி வரி வரைக்கும் படி. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்தப் புதுக் கண்ணால், நீ வாசகம் எழுதிக் கொடுத்த நினைவுக் கல்லைப் படித்துவிட்டு, பையன் நல்லாத்தானே எழுதியிருக்கான் என்றார். அன்றைக்கு அவர் சாப்பாட்டை அவரே போட்டுக்கொண்டார்.

கல் திறப்புக்கு என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். வாசகம் எழுதியவரோட அம்மா என்று நகராட்சித் தலைவர் மைக்கில் சொல்லி, என் கையாலேயே துணியை இழுக்கச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை, பெற்றதற்கு இது போதும் என்று இழுத்தேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். சண்டை நடந்த வருஷம், இரண்டு பக்கத்துப் படையும் இந்த ரோட்டு வளைவில் சுட்டுக்கொண்டது, செத்த சிப்பாய்களின் பேர், எல்லாம் சரி. அதற்குக் கீழே, பெயர் தெரியாத வழிப்போக்கர் ஒருவரும் உயிரிழந்தார் என்று இருக்கிறது. யாருடா வழிப்போக்கன்? என் கூடப்பிறந்த அண்ணன், உனக்குச் சொந்தத் தாய்மாமன். அந்த வளைவில்தான் அவன் சைக்கிள் கடை, டயருக்குக் காத்தடிக்கிறவன் என்று ஊரே காத்தடி காத்தடி என்று கூப்பிட்ட ஆள். துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் ஓடினார்கள். அவன் மட்டும், ரிப்பேருக்கு விட்ட சைக்கிளெல்லாம் அடுத்தவன் பொருள், உள்ளே எடுத்து வச்சிட்டு வரேன் என்று நின்றான், அப்படித்தான் குண்டு பட்டது. அந்தச் சைக்கிள்களில் ஒன்று இந்தத் தலைவரைப் பெற்ற அப்பாவுடையது. தன் கடை வாசலில் நின்றவன் வழிப்போக்கனா? வழியோடு வந்து வழியோடு போனது பட்டாளம்தான், இரண்டு பக்கமும். அவர்களுக்குப் பேர் உண்டு, இவனுக்குக் கிடையாதா.

கையில் இருந்த துணியை விரித்துக் கல்லை மறுபடி மூடிவிட்டேன். தலைவர் கிட்டே வந்து, உங்க பையன் எழுதினதைத்தானேம்மா வெட்டினோம், எங்க மேல ஏன் பாயறீங்க என்றார். அத்தனை பேர் நடுவில் நான் மூஞ்சியை எங்கே கொண்டு வைப்பது. யாரோ மாற்றியிருப்பார்கள், என் பிள்ளை இப்படி எழுத மாட்டான் என்று நம்பித்தான் உனக்குப் போன் பண்ணினேன். நீ என்ன சொன்னாய்? காத்தடின்னு கல்லுல போட்டா பார்க்கிறவங்க சிரிப்பாங்கம்மா, நல்ல பேரு யாருக்கும் ஞாபகமில்லை, அதான் நாகரிகமா எழுதினேன் என்றாய். தெரியாமல் எழுதியிருந்தால் பொறுத்துப் போயிருப்பேன். தெரிந்தே எழுதியிருக்கிறாய். மாமனைச் சொல்ல உனக்குக் கூச்சம், படிப்பு உனக்குக் கொடுத்தது அதுதான். நல்ல பேர் ஒன்று வைத்தார்கள்தான், அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்ப மாட்டான். சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும், அவனே அந்தப் பேருக்குச் சிரிக்கிறவன்தான்.

கல் வெட்டுகிறவரிடம் நானே போய்க் கேட்டேன். எழுதினவர் சம்மதம் வந்தா அந்த வரியைச் செதுக்கி எடுத்துட்டு வேற வெட்டலாம், இடம் கொஞ்சம் பள்ளமாத் தெரியும்மா என்றார். தெரியட்டும் பள்ளம். சைக்கிள் கடை காத்தடி, தன் கடை வாசலில் உயிரிழந்தார். இவ்வளவு போதும், உன் அலங்காரம் எதுவும் வேண்டாம். உன் கையால் எழுதி அனுப்பு, அதுவரைக்கும் போன் பண்ணாதே, நான் எடுக்க மாட்டேன். அப்பாவைத் தூது விடவும் வேண்டாம்.

மருமகளுக்கும் பேத்திக்கும் என் ஆசீர்வாதம், நூறு வயசு இருக்கட்டும். உன் பங்கை எடுத்து வைத்திருக்கிறேன், கல் மாறின பிறகு தருகிறேன். இருமல் மருந்தை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதே. கோபம் வேறு, இருமல் வேறு.

இப்படிக்கு,
அம்மா