வெட்டி ஒட்டிய சீருடைப் படங்கள்

வெள்ளி, பெப்ரவரி 2009

வன்னிச் சண்டையில் செத்த அரச படையினரின் தொகையை வானொலி குறைத்துச் சொல்கிறது என்று, சிங்களப் பத்திரிகையில் வரும் சீருடைப் படங்களை வெட்டிக் கொப்பியொன்றில் ஒட்டி நானே எண்ணி வருகிறேன். எனக்குச் சிங்களம் தெரியாது. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தால், அம்பாறையில் சிங்களம் படித்த என் மனைவி அந்தக் கொப்பியை வாசித்துக்கொண்டிருந்தாள்.

“இஞ்ச பாருங்க, இது மௌத்து அறிவித்தல் இல்ல. செத்து மூணாம் மாசம் குடுக்கிற தானத்துக்குப் போட்டது. இந்தப் புள்ளய முந்தியே எண்ணிட்டீங்க.”

“மெய்யாவா?”

“ஓம். இன்னும் கனபேர் இப்படித்தான்.”

தொகை குறைகிறதே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. அவள் இரண்டு படங்களையும் தொட்டுக் காட்டினாள். ஒரே படம், பல் தெரியச் சிரிக்கிறான்.

“முகத்தப் பாக்கல்லயா?” என்றாள்.

இரண்டு தரமும் சீருடையைத்தான் பார்த்திருக்கிறேன்.